தொடாமல் பார்க்கும் வேலை

எங்கள் தோப்பில் அவருக்குக் கொடுத்திருந்த வேலை, எதையும் தொடாமல் பார்ப்பது. அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமில்லாத ஓர் ஆளைச் செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் என்னை சார் என்பார், கூடவே ‘நீ’யும் போட்டுக்கொள்வார். சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து நடந்தே வருவார். நான் செங்கல்பட்டில் ஆறு இருபது பேருந்தைப் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, ஏழு நாற்பதுக்குத் தோப்பு வாசலில் இறங்குவேன். அதற்குள் அவர் வேலிக் கதவைத் திறந்து, மரங்களில் நான் கட்டிவிட்டிருந்த எண் அட்டைகளில் காற்றுக்குத் திரும்பிக்கொண்டவற்றை நேராக்கிக்கொண்டிருப்பார். அதைச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

தோப்பில் வேலை செய்த நான்கு வருடத்து நாட்குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. அவர் வரும் பக்கங்களில் பெரும்பாலும் ஒரே மாதிரிச் செய்திதான். ‘கவிழ்ந்து கிடந்த வண்டை அக்கா திருப்பிவிட்டார். அது மறுபடி கவிழ்ந்தது. மறுபடி திருப்பினார்.’ ‘என் சாப்பாட்டு டப்பாவின் மூடி சரியில்லை என்று வீட்டுக்கு எடுத்துப்போய் வேறு மூடி போட்டுக் கொண்டுவந்தார்.’ ஒருமுறை சம்பளக் கையெழுத்துக்காக இருவரும் செங்கல்பட்டுக்குப் பேருந்தில் போனோம். முன் இருக்கையில் ஒரு பெண்ணின் தோளில் கிடந்த குழந்தையின் மூக்கை, எட்டித் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அந்தப் பெண் திரும்பி முறைத்தாள்.

“இன்னா மொறைக்கிற? கொழந்த மூச்சு வுட முடியாம கீது. நீ போன் பாத்துகினு கீற.”

“உனுக்கு இன்னா வந்துச்சு?”

“எனுக்கு ஒண்ணும் வர்ல. அதுக்குத்தான் சளி வந்துகீது.”

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

தோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஆய்வுக்காகத் தனியார் ஒருவரிடம் குத்தகைக்கு எடுத்த நிலம். ஒரு பாதியில் புங்க மரங்கள் மட்டும் நட்டிருந்தார்கள். மறுபாதியில் அதே புங்கனோடு நாவல், பூவரசு, வேம்பு, இலுப்பை, மகிழம், நுணா, வெப்பாலை என்று ஏழு வகை மரங்களைக் கலந்திருந்தார்கள். மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, மரங்களின் வயதும் ஒன்று. கேள்வியும் ஒன்றுதான். இலை தின்னும் புழுக்களைத் தின்ன வருகிற குருவி, எறும்பு, குளவி, ஓணான் எல்லாம் எந்தப் பாதியில் அதிகமாக வேலை செய்கின்றன?

இதைக் கண்டுபிடிப்பது லேசு இல்லை. தின்னப்பட்ட புழு தடயம் வைத்துவிட்டுப் போகாது. அதனால் பச்சை விளையாட்டுக் களிமண்ணில் புழு மாதிரி பொம்மை உருட்டி, மெல்லிய கம்பியால் இலையில் கட்டிவிடுவோம். குருவி கொத்தினால் மண்ணில் அலகின் தடம் விழும். எறும்பு கடித்தால் ஊசிப் புள்ளிகள் விழும். ஓணான் கவ்வினால் வளைவாகப் பல்வரிசை. ஒரு சுற்று ஆறு நாள். ஏழாம் நாள் பொம்மைகளைக் கழற்றி, எண் போட்ட தீப்பெட்டிகளில் வைத்து, கொட்டகையில் உருப்பெருக்கிக்குக் கீழே நான் ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் ஏற்றுவேன். பொம்மை உருட்டுவதும் கட்டுவதும் அக்காவின் வேலை. அந்த ஆறு நாளும் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, எது வருகிறது என்று பார்த்து எனக்குச் சொல்வதும் அவர் வேலைதான்.

முதல் சுற்றுக்கு அவர் உருட்டிக் கொண்டுவந்த பொம்மைகளுக்குக் கண் இருந்தது. கடுகை அழுத்தி வைத்திருந்தார். அடியில் கால்களும் இருந்தன.

ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியை, நாங்கள் மேடம் என்போம், அன்று சென்னையிலிருந்து வந்திருந்தார். ஒன்றைக் கையில் எடுத்துச் சிரித்தார். “அழகா இருக்கும்மா. ஆனா எல்லாம் ஒரே மாதிரி, வெறும் உருளையா இருக்கணும்.”

“கண்ணு இல்லாத புழுவ எந்தக் குருவி நம்பும் மேடம்?”

“நம்புதா இல்லையான்னு பாக்கத்தானே இவ்வளவும்?”

கடுகுகளை எல்லாம் அக்கா ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். அவற்றை வீணாக்காமல் ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

முதல் சுற்றுகளிலேயே வித்தியாசம் தெரிந்தது. கலப்புப் பாதியிலிருந்து வந்த தீப்பெட்டிகளைத் திறந்தால் பொம்மைகள் குதறப்பட்டுக் கிடக்கும். புங்கன் மட்டும் இருந்த பாதியின் பொம்மைகள் பெரும்பாலும் கட்டியபடியே திரும்பி வரும். அந்தப் பக்கத்து இலைகளோ சல்லடைதான். புழு ஏறிய மாதங்களில் அங்கே நின்றால் புழுக்களின் எச்சம் காய்ந்த சருகில் உதிரும் சத்தம், தூறல் மாதிரி, கேட்கும். அக்காவால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. “அய்யோ, துன்னுதுங்க சார், துன்னுதுங்க” என்று காதைப் பொத்திக்கொள்வார்.

இரண்டாம் வருடம் ஒரு காலை அவர் இரண்டு கைகளும் முழங்கை வரை தடித்துச் சிவந்திருக்க வந்து நின்றார். விசாரித்தேன். முந்தின நாள் நான் போன பிறகு, கலப்புப் பாதியின் நாவல் மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்த முசுறு எறும்புகளைக் கிளையோடு ஒடித்து, சிமெண்ட் சாக்கில் போட்டு எடுத்துப்போய், புங்கன் பாதியில் நான்கு மரங்களில் கட்டிவிட்டிருக்கிறார்.

“தொடக் கூடாதுன்னு சொன்னோமே அக்கா.”

“புழுவத்தானே தொடக் கூடாதுன்னீங்க? நான் எறும்பத்தான் தொட்டேன்.”

அந்த எறும்புகள் அங்கே ஐந்து நாள்கூடத் தங்கவில்லை. மரத்திலிருந்து இறங்கி, நடுவரப்பைத் தாண்டி, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கலப்புப் பாதிக்கே வரிசையாகத் திரும்பிப் போயின. அக்கா அந்த வரிசையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னதை அன்றே எழுதி வைத்தேன்.

“அந்தாண்ட எல்லா மரமும் ஒரே நேரத்துல பூக்குது, ஒரே நேரத்துல கொட்டுது. மிச்ச நாளு இதுங்க இன்னாத்த துன்னும் சார்? எல்லாம் ஒரே எல, ஒரே பட்ட. ஒளியறதுக்கு ஒரு பொந்து இல்ல. இங்கன்னா ஒண்ணு போனா ஒண்ணு கீது. புழு இல்லாத நாள்ளயும் பொழப்பு ஓடும். அதான் இங்கயே கீதுங்க. இங்க கீறதால புழு வந்த அன்னிக்கே புடிக்குதுங்க.”

மேடம் பின்னர் இதையேதான் எட்டுப் பக்கத்தில் எழுதினார். அந்த நான்கு மரங்களின் அளவுகளை அந்தச் சுற்றிலிருந்து நீக்கி, ‘எறும்புக் கூடு இடம் மாற்றப்பட்டது’ என்று நோட்டில் காரணம் குறித்தேன். யார் மாற்றியது என்று குறிக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் இருவரும் கொட்டகையில் அடைந்து கிடந்தோம். பேச்சு எப்படியோ இறந்துபோன அவருடைய கணவரிடம் போனது. அவர் லாரியில் கல் ஏற்றும் வேலை செய்தவர். ஒரு பகல் நெஞ்சு வலிக்கிறது என்றதும் அக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். உட்காருங்கள், டாக்டர் வருவார் என்றார்களாம்.

“உக்காந்தேன் சார். பெஞ்சுல அவரு, பக்கத்துல நானு. வேர்த்துச்சு அவருக்கு. தொடச்சிகினு இருந்தேன். எழுந்து போயி கத்தணும்னு கையி காலு பறக்குது. பக்கத்துல ஒரு அம்மா, பொறும்மா, எல்லாரும் காத்துகினுதானே கீறோம்னுச்சு. நல்ல பொம்பளையாட்டம் உக்காந்துகினே இருந்தேன்.”

கொட்டகைத் தகரத்தில் மழை பலமாக விழுந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, என் மேசையில் ஒழுகிய இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்தார். நோட்டுகளை ஒரு முழம் தள்ளி வைத்தார்.

நான்காம் வருடம் குத்தகை முடியும் நேரம். மேடம் மேலும் ஐந்து வருடத்துக்கு நிதி கேட்டிருந்தார். கடைசிச் சுற்றின் கணக்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அது ஒழுங்காக இருந்தால் நிதி வரும், தோப்பு நிற்கும். இல்லையென்றால் நிலம் உரிமையாளரிடம் திரும்பிப் போகும். அவர் என்ன செய்யப்போகிறார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரு நாள் வேலியோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“இத்தினி வருசமா புழுவ எண்ணிகினு கீறீங்க. சவுக்கு போட்டிருந்தா இந்நேரம் ஒரு வெட்டு எடுத்திருப்பேன்.”

“சவுக்குத் தோப்புல இதுல பாதி குருவி காட்டு அண்ணாத்த. நானே அருவா எடுத்தாந்து இத்த வெட்டித் தரேன்,” என்றார் அக்கா.

“குருவிய வெச்சிகினு இன்னாம்மா பண்றது?”

“உன்ன வெச்சிகினு இன்னா பண்றாங்கோ உங்க வூட்ல?”

உரிமையாளர் சிரித்துவிட்டார். ஆனால் போகும்போது ஒவ்வொரு மரத்தின் தண்டையும் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார்.

கடைசிச் சுற்றின் ஏழாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்துக்குத் தீப்பெட்டிகளைப் பிரிக்க உட்கார்ந்தேன். கலப்புப் பாதியின் முதல் பெட்டியில் இரண்டு தடங்கள். பறவை என்று எழுதப் பேனாவை எடுத்தவன் நிறுத்தினேன். அலகு மேலும் கீழுமாகப் பதியும்; எதிரெதிராக இரண்டு வெட்டு இருக்கும். இங்கே ஒவ்வொரு தடமும் ஒற்றை வெட்டு. பிறைபோல் வளைந்திருந்தது. உருப்பெருக்கியை நெருக்கினேன். வெட்டின் பக்கத்தில் மிக மெல்லிய கோடுகள், விரல் ரேகை. அடுத்த பெட்டியிலும் அதே பிறை. அதற்கடுத்ததில் வரிசையாகப் புள்ளிகள். எறும்பின் கடி ஒழுங்கில்லாமல் இருக்கும், இவை ஒரே ஆழத்தில் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பதினொன்றரை ஆயிற்று. புங்கன் பாதிப் பொம்மைகளிலும் ஒன்றே ஒன்றில் இரண்டு பிறைகள் இருந்தன.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுப்பார் என்று நினைத்திருந்தேன்.

“ஆமா சார், நான்தான். குருவிக்கு நகம், எறும்புக்கு ஊக்கு.”

“ஏன் அக்கா?”

“அதுங்களுக்கு மண்ணுன்னு தெரிஞ்சிபோச்சு சார். நாலு வருசமா ஏமாத்தறோம். வருது, கிட்ட உக்காந்து பாக்குது, தலைய சாய்க்குது, அப்பால பக்கத்து எலைல நெஜ புழுவ எடுத்துகினு பூடுது. நான் பாத்தேன். வந்தது வந்ததுதானே? அது போடல, அதுக்குப் பதிலா நான் போட்டேன். ஒரு தபா வந்தா ஒரு கிள்ளு. ஒண்ணு கூட ஜாஸ்தி இல்ல.”

“புங்கன் பக்கம் எதுக்கு ரெண்டு?”

“அங்கயும் கரிச்சான் ரெண்டு தபா வந்துச்சே. வந்தத இல்லன்னு சொல்லுவாங்களா?”

எந்தப் பெட்டியைக் காட்டினாலும் எந்த மரம், எந்தக் கிளை, வந்தது தையல்சிட்டா தவிட்டுக்குருவியா, வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று சொன்னார். ஒன்றுக்கும் தயங்கவில்லை. அவர் சொன்னதையெல்லாம் தனித் தாளில் எழுதிக்கொண்டேன். அது ஆறு நாள் முழுக்கக் கண்ணெடுக்காமல் பார்த்த ஒருவரின் கணக்கு. ஆனால் நாங்கள் சொல்லியிருந்த முறைப்படி, பொம்மையில் உயிர்கள் பதித்த தடத்தை மட்டுமே எண்ண வேண்டும்.

“இத்த எழுதுவியா சார்?” என்று கேட்டார்.

“எழுதணும் அக்கா.”

“எழுதினா இத்த வெட்டிடுவான்.”

நான் பேனாவை மூடினேன். திறந்தேன். அவர் வெளியே போய்ச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவினார், என்னுடையதையும் சேர்த்து.

வியாழக்கிழமை மேடம் வந்தார். நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை, அவர் முகம் சோர்ந்துபோனது. “இந்தச் சுற்றை விட்டுடலாம். மிச்ச சுற்றெல்லாம் இருக்கே. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. முன்னாடி சுற்றுகள்ல இவங்க கை வெக்கலைன்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா? நீங்க சொன்னா அதை வெச்சு அனுப்பிடுவேன்.”

பழைய பொம்மைகள் ஒன்றுகூட மிச்சமில்லை. களிமண் விலை கருதி ஒவ்வொரு சுற்றின் பொம்மைகளையும் பிசைந்துதான் அடுத்த சுற்றுக்கு உருட்டினோம். என் நோட்டு மட்டுமே இருந்தது. அந்த நான்கு வருடத்தில் ஒவ்வொரு பொம்மையையும் உருப்பெருக்கிக்குக் கீழே பார்த்தவன் நான் ஒருவன்தான். ஒரு நகக்குறிகூட என் கண்ணில் பட்டதில்லை. பட்டிருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை போலவே அன்றும் நிறுத்தியிருப்பேன். ஆனால் எறும்புச் சாக்கு நினைவுக்கு வந்தது. உறுதி என்ற சொல் என்னால் தூக்க முடியாததாகப் பட்டது.

“முடியாது மேடம்,” என்றேன்.

அவர் தலையசைத்தார். நோட்டை மூடி என் பக்கமாகத் தள்ளினார். வெளியே அக்கா யாரிடமோ, வேலியில் மாட்டிக்கொண்ட ஓர் ஆட்டுக்குட்டியிடமாக இருக்கலாம், சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

நிதி வரவில்லை. குத்தகை முடிந்த மாதமே வெட்டினார்கள். இரண்டு பகல் ஆயிற்று. நான் பொருள்களைக் கணக்குப் பார்த்து ஏற்றப் போயிருந்தேன். அக்கா வரவில்லை. விழுந்த நாவல் கிளைகளில் முசுறுக் கூடுகளின் இலைகள் சுருங்கிப் பிரிந்து, எறும்புகள் நான்கு திசையிலும் முட்டைகளோடு ஓடிக்கொண்டிருந்தன. போக அவற்றுக்கு வேறு மரம் இல்லை. தவிட்டுக்குருவிகள் ஒரு கூட்டம் வேலிக் கம்பியில் உட்கார்ந்து மாலை வரை கத்தின. அடுத்த மழைக்குச் சவுக்கு நட்டார்கள். இப்போதும் அந்தப் பேருந்தில் போனால் தெரியும். கோடு போட்டதுபோல் வரிசை, அடியில் ஒரு புல் இல்லை.

ஆறு வருடம் கழித்து மாமல்லபுரத்தில் என் தங்கை மகனுக்குத் திருமண வரவேற்பு. கடற்கரையை ஒட்டி ஒரு ஹோட்டல். மூன்றரை மணிக்கே போய்விட்டேன். உட்கார இடம் தேடிப் பின்பக்கம் நடந்தபோது, சுற்றுச்சுவர் நெடுக நந்தியாவட்டைச் செடிகளை ஒரே உயரத்துக்குக் கத்தரித்து வேலியாக்கியிருந்தார்கள். வேறு செடி கிடையாது. ஒரு பெண் முதுகில் மருந்து டேங்கைச் சுமந்து, மூக்கை மறைத்துத் துணி கட்டி, வரிசையாகத் தெளித்துக்கொண்டு வந்தார். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“அக்கா.”

துணியை இறக்கினார். “சாரா? இன்னா சார், முடியெல்லாம் கொட்டிப்போச்சு!”

இளைத்திருந்தார். பேச்சுக்கு நடுவே இருமல் வந்தது. இங்கே மூன்று வருடமாக வேலை என்றார். வாரத்துக்கு இரண்டு நாள் மருந்து அடிக்க வேண்டுமாம்.

“புழு நிறைய வருதா?”

“வரும். அடிச்சா பூடும். அடுத்த வாரம் வேற வரும். குருவி எறும்பு ஒண்ணும் கெடையாது, புடிக்க ஆளில்ல. நான்தான் அதுங்க வேலைய பாக்கறேன்.” சிரித்தார். இருமினார்.

பிறகு அவர் பம்புக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அன்னிக்கு மேடம் உன்ன கேட்டாங்களாமே. மின்னாடியெல்லாம் நான் கை வெக்கலன்னு சொல்ல முடியுமான்னு. முடியாதுன்னியாம். அப்பால அவங்களே எனுக்கு போன் பண்ணி சொன்னாங்கோ.”

“ஆமாம்.”

“நெஜமாவே உனுக்குத் தெரியாதா சார்?”

உள்ளே மண்டபத்தில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மணி மூன்று ஐம்பது.

“தெரியும் அக்கா. நீங்க வெக்கல.”

அவர் தலையை ஆட்டினார். டேங்கின் பட்டையைத் தோளில் இழுத்துச் சரிசெய்தார், துணியை மூக்குக்கு மேலே ஏற்றினார், பம்பை இரண்டு தடவை அடித்தார்.

“காத்து உன் பக்கம் அடிக்குது சார்,” என்றார் துணிக்குள்ளிருந்து. “தள்ளி நில்லு.”

தள்ளி நின்றேன். அவர் அடுத்த செடிக்குப் போனார்.